பாயைத் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போன காலை

கேசினோ ஓட்டல்களின் நீச்சல் குளங்கள் குளிர்காலத்து விடியற்காலையில் காலியாகக் கிடக்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதியே இல்லை. நான் போடிநாயக்கனூரில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் கணக்கு நடத்தி, அங்கேயே ஓய்வு பெற்றவன். நீச்சல் பழகியது ராசிங்காபுரத்தில், மாமா தோட்டத்துக் கிணற்றில். ஆனாலும் சில வருடங்களாகப் பொங்கல் கழிந்ததும் கோவாவுக்குப் போய், விதவிதமான கேசினோ ஓட்டல்களின் குளங்களில் நீந்திவிட்டு வந்திருக்கிறேன். எல்லாம் பாயால் வந்தது.

பாய் போடியில் ஏலக்காய் வியாபாரி. பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குச் சிநேகிதர். என் மனைவி அவரை அண்ணே என்பாள். அந்த முறையில் அவர் என்னை மாப்ளே என்று கூப்பிடுவார். மழைக்காலம் முழுக்க மலையிலிருந்து காய் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏலம், சல்லடையில் சலிப்பது, தரம் பிரிப்பு என்று வியாபாரிகளுக்குக் கண் செருகிப்போகும். தை பிறந்ததும் ஒரு கூட்டமாகக் கிளம்பிக் கோவாவில் போய் மூச்சு விடுவார்கள். அவர்கள் மூச்சு விடும் இடம் கேசினோ. பாய் ஐந்து வேளை தொழுகிறவர், சூது அவருக்கு ஹராம். ஆனால் கூட்டத்தில் மூத்தவர் அவர்தான், வராமலிருக்க விடமாட்டார்கள். "அவங்க உள்ள போயிட்டா நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? நீங்களும் வாங்க மாப்ளே" என்று என்னை இழுத்துக்கொண்டார்.

நான் போவதற்கு என் மனைவியின் உத்தரவு வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. நடுவயதில் நான் சீட்டாடியவன். போடிமெட்டுக்கு அப்பால் அவள் அப்பா அவளுக்குக் கொடுத்த ஏலத்தோட்டத்தில் பாதி, மனமகிழ் மன்றத்து மேசையில் என் கையால் போனது. நிகழ்தகவைக் கரும்பலகையில் எழுதி எழுதிச் சுண்ணாம்புத் தூள் அப்பிய அதே கை. அன்று அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. "இன்னொரு தடவ சூதாட்டத்துல கை வச்சீங்கன்னு தெரிஞ்சா, மக வீட்டுக்குப் போயிருவேன். திரும்ப வரமாட்டேன்" என்றாள். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். என் மனைவி சொன்னதைச் செய்கிறவள்.

கோவா என்றதும் அவள் முகம் மாறியது. பாய் பெயரைச் சொன்னதும் இளகியது. "அண்ணே கூடன்னா போங்க" என்றாள். பாய் பொய் சொல்லிப் போடியில் யாரும் கேட்டதில்லை. இது இன்ன தரத்துக் காய் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், எதிராளி சாம்பிளைப் பிரித்துப் பார்க்கமாட்டார்.

கிணற்றில் பழகியவனுக்கு ஓட்டல் குளம் பெரிய ஏமாற்றம். முதல் வருடம் நான் பத்தடி ஓடிவந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குதித்தேன். குளத்தின் ஆழம் என் மார்பளவுதான் என்பதை என் வால் எலும்புதான் முதலில் தெரிந்துகொண்டது. நான் கிளப்பிய அலை, கரையில் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் தட்டில் போய் விழுந்தது. காவல்காரர் விசில் ஊதினார். அதன் பிறகு நான் ஏணிப்படியில் ஒவ்வொரு காலாக இறங்கி, மருந்து வாசம் அடிக்கும் அந்தத் தண்ணீரில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நாய் நீச்சல் அடித்தேன்.

பாய்க்கு நீச்சலே தெரியாது. மார்பளவு தண்ணீரில் இறங்கி, வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடப்பார்.

"நடக்கிறதுக்கு எதுக்கு பாய் தண்ணி?"

"தரையில நடந்தா முட்டி வலிக்குது. இங்கன வலி தெரியல. நீங்க பேசாம கையக் கால ஒதறிக்கிட்டுப் போங்க."

கைலியோடு இறங்கக் கூடாது என்பது எல்லா ஓட்டல்களிலும் சட்டம். பாய் தொப்புளுக்குக் கீழே முட்டி வரை வெளியாள் கண்ணில் காட்டாத மனிதர். ஓட்டல் கடையில் கிடைத்த கால்சட்டையோ முட்டிக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. அதனால் ஒரு வழி செய்தோம். ஆளில்லாத விடியற்காலையில் போவது. கரை வரைக்கும் கால்சட்டைக்கு மேல் கைலி. அதை நாற்காலியில் போட்டுவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன், அவர் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். இரவு முழுக்க ஆடிவிட்டுச் சிவந்த கண்ணோடு அறைக்குத் திரும்பும் நம் ஆட்கள் கரையில் நின்று, "என்னா வாத்தியாரே, இந்தக் குளிருலயா?" என்பார்கள். "எங்களுக்கு ஒடம்புதான் குளுருது, ஒங்களுக்குக் காலிப் பை குளுருது" என்பார் பாய்.

இப்படியே போயிருக்கலாம். போன தை மாதம் நான்தான் கெடுத்தேன்.

அன்று குளத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. கோவாவில் குளிர் கிடையாது என்று சொல்கிறவர்கள் அந்த நேரத்துத் தண்ணீரில் கால் வைத்துப் பார்க்க வேண்டும். பாய் நடந்துகொண்டிருந்தார், நான் நீந்திக்கொண்டிருந்தேன். துவைக்கிற துணிகளை எடுக்கும் வண்டிக்காரர் வந்து, நாற்காலிகளில் கிடந்த துண்டுகளோடு பாயின் பச்சைக் கட்டம் போட்ட கைலியையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூப்பிடுவதற்குள் வண்டி கதவுக்குள் மறைந்தது. புதுத் துண்டு வர நேரமாகும் என்றார் காவல்காரர்.

பாய் கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டார். "மாப்ளே, ரூம்ல பையில இன்னொரு கைலி இருக்கு. வெரசா எடுத்துட்டு வந்துருங்க. யாராச்சும் வந்துரப் போறாங்க."

ஓடினேன். நனைந்த உடையோடு திரும்ப வர வேண்டாம் என்று அறையில் வேட்டி சட்டைக்கு மாறினேன். கைலியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன். குளத்துக்குப் போகும் வழி, கேசினோ வாசலைத் தாண்டித்தான் போகும். வாசலில் நின்றவர் என் தோளில் இருந்ததைப் பொன்னாடை என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து வணக்கம் சொன்னார். உள்ளே, கதவுக்குப் பக்கத்திலேயே, நம்ம ஊர் வியாபாரி ஒருவர் சக்கரம் சுற்றும் மிஷின் முன்னால் விடிய விடியத் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, ஒரே ஒரு தடவ. கணக்கு வாத்தியார் கை. பொத்தான மட்டும் அமுக்கிட்டுப் போயிருங்க."

அமுக்கினேன். அவர் ஜெயித்தார். "கைராசிண்ணே!" என்று கத்திவிட்டு, ஜெயித்ததில் எனக்கென்று கொஞ்சம் ஒதுக்கிப் பக்கத்து மிஷினில் உட்கார வைத்தார். எழுந்து போக முடியாதபடி யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. உட்கார்ந்தேன். கைலி வழுக்கியதால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு நானும் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

தோற்றிருந்தால் சீக்கிரம் எழுந்திருப்பேன். கேசினோவில் சுவர்க் கடிகாரம் மாட்டுவதில்லை, ஜன்னலும் இல்லை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். பாய் தண்ணீரில் நிற்கிறார் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஒருமுறை எழுந்தும்விட்டேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. அந்தக் கைலி மடியில் இருக்கும் வரைதான் சக்கரம் என் பக்கம் நிற்கும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் ராசி போய்விடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு சுற்றும் தனித்தனி நிகழ்வு, முந்தைய சுற்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமில்லை என்று ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், ஒரு கைலியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

எல்லாம் போன பிறகுதான் எழுந்தேன்.

குளத்தருகே பாட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ கல்யாணத்துக்கு வந்த வடக்கத்திப் பெண்கள், எல்லோரும் நடுவயதுக்காரர்கள், குளம் நிறைய நின்றார்கள். தண்ணீருக்குள் உடற்பயிற்சி வகுப்பு. கரையில் ஒரு பெண் நின்று கையைத் தூக்கச் சொல்ல, அத்தனை பேரும் தூக்கினார்கள். கடைசி வரிசை மூலையில், தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, உதடு நீலம் பாரித்து, பாயும் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தார். ஆசிரியை அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

என்னைக் கண்டதும் அவர் கையை இறக்கினார். என் உலர்ந்த வேட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கைலி தறியில இருந்துச்சா மாப்ளே? நெய்ஞ்சு முடிச்சதும் வாங்கிட்டு வந்தீங்களா?"

பெண்கள் கரையேறும் வரை காத்திருந்தோம். கைலியைத் தண்ணீருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு மேலே வந்தவருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. "கூட நின்னு கையத் தூக்குனதுனால பொழச்சேன். சும்மா நின்னிருந்தா அங்கனயே வெறச்சிருப்பேன்" என்றார். காவல்காரர் அவரை ஒரு சின்ன மர அறைக்குள் கூட்டிப்போனார். அங்கே அடுப்புச் சூட்டில் வியர்க்க வியர்க்க உட்காருவார்களாம். நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, மரத்தட்டுகளையும் அடுப்பையும் கூரையையும் சுற்றிப் பார்த்தார். வியாபாரி புத்தி. ஏலக்காய் உலர்த்தும் சூட்டறையும் அப்படித்தான் இருக்கும்.

"பச்சக்காய் ஒரு லோடு அடுக்கலாம்" என்றார். "ஆனா சூடு ஒரே பக்கமா ஏறுது. காய் வெளுத்துப்போகும்."

அதுதான் அன்று அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. சாப்பிடும் இடத்தில் அந்த வியாபாரி, "வாத்தியார் கைராசியப் பாக்கணுமே! மடியில கைலிய வச்சுக்கிட்டு..." என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். பாய் இட்லியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பும்போது அவருக்குக் காய்ச்சல். போடிக்கு வந்ததும் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். என் மனைவி மிளகு ரசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு அவரைப் பார்க்கக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். போகாமலிருந்தால் சந்தேகம் வரும்.

கட்டிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாய். குளத்தில் நெடுநேரம் நின்றதால் வந்த சளி என்று அவர் வீட்டில் சொல்லக் கேட்டுக்கொண்டே இவள் ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

"தண்ணிக்குள்ள அம்புட்டு நேரம் எதுக்குண்ணே நின்னீங்க?"

"கைலி இல்ல ஆத்தா."

"இவரு எங்க போனாரு?"

"கைலி எடுக்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நீங்க சொன்னா நான் நம்பிக்கிருவேன். இவரு அங்கன சூதாடுனாரா?"

இல்லை என்று அவர் சொன்னால் போதும். என் வீடு அப்படியே இருக்கும். பாய் டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் தண்ணிக்குள்ள நின்னவன் ஆத்தா. கரையில நடந்தத அவருகிட்டயே கேளு."

அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். அவள் வாளியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சூதாடுனதக் கூட விடுங்க. ஒரு மனுசனத் தண்ணிக்குள்ள நிக்கவச்சுட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வாசலுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை கோயம்புத்தூர் பஸ்சில் ஏறிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். நான் ஏற்றித் தர வேண்டாம் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் போக வேறு இடமில்லை. தினமும் பாய் வீட்டுக்குத்தான் போனேன். மருந்து எடுத்துக் கொடுத்தேன், வெந்நீர் வைத்தேன். அவர் தடுக்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "ஒரு வார்த்த சொல்லிக் காப்பாத்தியிருக்கலாம்ல பாய்?"

"காப்பாத்தணும்னுதான் வாயத் தெறந்தேன். அல்லாட்ட அப்பறம் மன்னிப்புக் கேட்டுக்கிருவோம்னு இருந்தேன். அந்த நேரம் பாத்துத் தும்மல் வந்துருச்சு. தும்மத் தும்ம ஒங்க மேல ஆத்திரமா வந்துச்சு."

மகள் ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. என்னப்பா பண்ணித் தொலைச்சீங்க?" ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கைலியை மடியில் வைத்துக்கொண்ட இடம் வந்ததும் அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

அடுத்த வாரம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அவள் பையோடு நின்றாள். "தோட்டத்துல காய் முத்திப்போச்சாம். ஆள் விட்டு எடுக்கணும். அதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் விடியுமுன் ஜீப்பு வந்தது. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏறச் சொல்லவுமில்லை, இறங்கச் சொல்லவுமில்லை. மலையில் பனி விலகாத சரிவில், மிச்சமிருக்கும் பாதித் தோட்டத்தில், பெண்கள் குனிந்து காய் எடுக்க எடுக்க நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தோட்டத்துக் கணக்கில் எனக்கு அவள் கொடுத்த வேலை அது.

இப்போது பங்குனி. இந்தப் பருவத்தின் கடைசிக் காயும் எடுத்து முடிந்துவிட்டது. அவள் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த பை, பீரோ மேல் இன்னும் பாதி பிரிக்காமல் இருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, எதுவானாலும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"காய் எடுப்பு முடிஞ்சிருச்சே."

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "செடியில காஞ்ச தட்டையெல்லாம் வெட்டிக் கழிக்கணும். அத யாரு பண்ணுவா? நாளைக்கு ஜீப்பு வரும். வெரசா எந்திரிங்க."