ஒல்லி நன்றி சொன்ன லைட்மேன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் சிரிப்பு நிகழ்ச்சியைப் பற்றி இந்தப் பக்கத்தில் மூன்று வருடமாக எழுதி வருகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். அதே நிகழ்ச்சியில் பதினாறு வருடம் லைட்மேனாக ஏணியில் ஏறி இறங்கி, முதுகு போனதும் வெளியே வந்தவன். "நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க, திட்டணும்னா திட்டுங்க" என்றுதான் ஆசிரியர் இந்தப் பக்கத்தைக் கொடுத்தார். திட்டுவதில் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் இந்த வாரம் திட்டு வாங்க வேண்டியவன் திரையில் இல்லை. அதனால் விமர்சனம் கொஞ்சம் தடம் மாறிப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நிகழ்ச்சியை நடத்த வந்தது ஒல்லி. இந்த நிகழ்ச்சியில் நடித்துப் பெயர் வாங்கி, சினிமாவுக்குப் போய், ஆறு வருடம் கழித்து விருந்தாளியாகத் திரும்பியிருக்கிறான். ஊரே எதற்காகக் காத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாடி மாமாவுக்காக. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கோழி மாதிரிக் கழுத்தை நீட்டி, லிஃப்ட் நின்றதும் கதவுக்குக் காய்ச்சல் பார்ப்பது போலக் கையை வைத்து, பல் வலிக்காரனைப் பிரசவ வார்டில் இறக்கிவிடும் அந்த மாமா.

மாடி மாமா என் அண்ணன்.

அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினேழு, எனக்கு எட்டு. அவர் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போனார். பத்து வருடம் தள்ளியபின் லிஃப்டில் போட்டார்கள். முப்பத்தோரு வருடமாக அதே லிஃப்ட். கதவை உள்ளேயிருந்து கையால் இழுக்கும் பழைய லிஃப்ட் அது. ஒரு நாளும் தரைக்குச் சமமாக நிற்காது. இரண்டு விரல் மேலே நிற்கும், இல்லாவிட்டால் கீழே நிற்கும், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடும். அந்த ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரை இழுத்தால் சக்கரம் இடித்து, படுத்திருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். பத்து வருடம் தள்ளியவருக்கு அது தெரியாதா? அதனால்தான் வலது கையை விசையிலேயே வைத்துக்கொண்டு இடது உள்ளங்கையைக் கதவில் வைப்பார். ஆட்டம் அடங்கியது கையில் தெரிந்த பிறகுதான் திறப்பார்.

வாயும் சும்மா இருக்காது. "மூணாவது மாடி, பிரசவம். போறவங்க ரெண்டு பேரு, வர்றவங்க மூணு பேரு." "நாலு, எலும்பு. மெதுவா இறங்குங்கம்மா, இங்க படுத்திருக்கறவங்க எல்லாம் வேகமா இறங்கினவங்கதான்." பயந்து ஏறுகிறவர்கள் இரண்டு மாடி தாண்டுவதற்குள் சிரித்துவிடுவார்கள். ஏழாவது மாடிக்கு மட்டும் நம்பரை மெதுவாகச் சொல்வார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். கதவை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது தீவிர சிகிச்சை மாடி.

இதையெல்லாம் நான் ஸ்டுடியோவில் நடித்துக் காட்டுவேன். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் செட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரம். லைட்மேனுக்குக் கூட்டம் கூடுவது வேறு எப்போது? கழுத்தை நீட்டுவேன், கையை வைப்பேன், பேசும் முன் அண்ணன் நாக்கை உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுவாரே, அதையும் செய்வேன். கை ஏன் வைக்கிறார் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் சிரிப்பு வராது.

ஒல்லி அப்போது புதுசு. எதை நடித்தாலும் எடுபடவில்லை, அடுத்த மாதம் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. "அண்ணே, இன்னொரு தடவ அண்ணே, அந்தக் கதவு" என்று என் பின்னாலேயே சுற்றினான். பையன் பிழைக்கட்டும் என்று செய்து காட்டினேன் என்று எழுதலாம். பொய். எனக்கு அவன் சிரிப்பு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மாடி மாமா முதல் தடவை வந்தபோது மேலேயிருந்து அவன்மேல் விளக்குப் போட்டவன் நான்தான். என் அண்ணனுக்கு நானே வெளிச்சம் பிடித்தேன்.

இரண்டு மாதத்தில் ஊரெல்லாம் மாடி மாமா. ஒருநாள் அண்ணன் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "காலேஜ் பசங்க பத்து பேர் ஏறினாங்கடா. 'மாமா, கையை வைங்க, போட்டோ எடுக்கணும்'னு ஒரே கூத்து. ஸ்ட்ரெச்சர் வெளிய காத்துக் கிடக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "யாரோ டிவிக்காரன் நம்ம லிஃப்ட்டுல ஏறியிருக்கான். நான் பாட்டுக்கு வாய ஓட்டியிருக்கேன். பாத்து எடுத்துக்கிட்டான்" என்றார்.

"இருக்கும்ணே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு நன்றாகவே இறங்கியது.

பிறகொரு தடவை காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு நர்ஸம்மா, "உங்க அண்ணனுக்கு வீட்டுல ஏதாச்சும் கவலையா? இப்பல்லாம் வாயத் திறக்கறதே இல்ல. நம்பர் மட்டும் சொல்றாரு" என்றார். நானும் பார்த்தேன். மூணு. நாலு. அஞ்சு. கையைக் கதவில் வைப்பதையும் விட்டுவிட்டார். அலுப்பில் சாய்கிறவர் போலத் தோளைக் கதவில் சாய்த்து ஆட்டம் பார்க்கிறார். யாரும் கவனிக்காதபடி.

சரி, நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நான் இருப்பது அண்ணன் வீட்டுப் பின்னறையில். என்னிடம் டிவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு எப்போதும் டூட்டி. அதனால் அவர்கள் கூடத்தில் அண்ணியோடு உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்வது வழக்கம். இந்த ஞாயிறு மாற்று ஆள் ஏதோ விசேஷம் என்று டூட்டி மாற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே போனால் அண்ணன் பனியனோடு சோபாவில்.

"என்ன தம்பி, அஞ்சே முக்காலுக்கே நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருவீங்க. இன்னிக்கு நிலைப்படியிலயே நிக்கறீங்க?" என்றார் அண்ணி.

"டிவி ஏதோ சரியில்லாத மாதிரி இருந்துச்சே அண்ணி."

"காலையிலேருந்து கத்திக்கிட்டுதான இருக்கு."

"நாற்காலியப் போடுறா," என்றார் அண்ணன். "நீ யாரயெல்லாம் திட்டறேன்னு நானும் பாக்கறேன். போன வாரம் ஒரு பொண்ணை அந்த வாங்கு வாங்கியிருந்த. பாவம்டா."

தொடக்கப் பேச்சு சுமார் ரகம். ஒல்லி இப்போது ஒல்லி இல்லை. "பழைய சட்டையையே குடுத்தாங்க. சட்டை வந்துச்சு, பட்டன் வர மாட்டேங்குது" என்றான். அது ஒன்றுதான் தேறியது. மற்றதை எதிரே பலகையில் எழுதிவைத்துப் படித்தான். கண் போகிற போக்கே சொன்னது.

முதல் குட்டி நாடகம் போட்டோ ஸ்டுடியோ. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவன், "சிரிக்காதீங்க சார்" என்று சொல்லச் சொல்லச் சிரிக்கிறான். கடைசியில் படம் எடுப்பவன் தன் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் சொல்லி அவனை அழவைத்துப் படம் எடுக்கிறான். அழுத படத்தைப் பார்த்து இருவரும் சிரிக்கிறார்கள். இந்த வருடம் வந்ததிலேயே இதுதான் உருப்படி. அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இத திட்டாத, என்ன" என்று என் தொடையில் தட்டினார்.

இரண்டாவது, பயணிகளிடம் விமானி வழி கேட்கும் நாடகம். நீளம். எப்படி முடிப்பதென்று தெரியாமல் எல்லோருமாகக் கத்தி முடித்தார்கள். கத்தினால் தொண்டைதான் போகும், சிரிப்பு வராது. ஒல்லியின் மூக்கு நிழல் அவன் வாயிலேயே விழுந்தது. மேலே நிற்கிற தம்பி, அந்த விளக்கைக் கொஞ்சம் இறக்கு.

மூன்றாவதாகத் திரை விலகியதும் லிஃப்ட் கதவு தெரிந்தது. அரங்கமே விசிலடித்தது. அண்ணி சட்டென்று எழுந்தார். "அடுப்புல பால்..."

"உக்காரு," என்றார் அண்ணன்.

போட்டோ ஸ்டுடியோவில் வந்த சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒல்லி கழுத்தை நீட்டினான். லிஃப்ட் நின்றது, கையை வைத்தான். வலது கை. என் பேனா தானாக நோட்டில் எழுதியது: கை தப்பு, இடது. பக்கத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், நான் கை தப்பு என்று குறிப்பு எடுக்கிறேன். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை.

முடிவில் எல்லா நடிகர்களும் வரிசையாக நின்றார்கள். ஒல்லி மைக்கை வாங்கினான். இந்தத் தடவை பலகையைப் பார்க்கவில்லை.

"இந்த மாமாவ நான் கண்டுபிடிக்கல. எனக்கு இங்க வேலை போற நேரம். அப்ப ஒரு லைட்மேன் அண்ணன், சாப்பாட்டு நேரத்துல, அவரோட சொந்த அண்ணன நடிச்சுக் காட்டுவாரு. வயிறு வலிக்கச் சிரிப்போம். அதைத்தான் எடுத்துக்கிட்டேன். இன்னிக்கு நான் சாப்பிடற சோறு அவரு போட்டது. லைட் அண்ணே, எங்க இருந்தாலும் நன்றி. உங்க அண்ணனுக்கும்." குனிந்து கும்பிட்டான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நல்ல மனசோடுதான் சொன்னான். அவனைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சோப்பு விளம்பரம் ஓடியது. அண்ணி சத்தத்தைக் குறைத்தார்.

"லைட் அண்ணன்னா?" என்றார் அண்ணன்.

"நான்தான்ணே."

"எத்தன தடவை?"

"என்ன அண்ணே?"

"எத்தன தடவை நடிச்சுக் காட்டின?"

"ஞாபகம் இல்ல. கேக்கும்போதெல்லாம்."

தலையாட்டினார். ஏதோ கணக்குச் சரியாக வந்தது போல. பிறகு சொன்னார்: "செஞ்சு காட்டு."

"அண்ணே, வேணாம்ணே."

"அவன் கையவே தப்பா வைக்கறான். சொல்லிக் குடுத்தவன் எப்படி செஞ்சான்னு பாக்க வேணாமா? செய்யி."

"என்னங்க நீங்க, விடுங்க," என்றார் அண்ணி.

"நீ சும்மா இரு. செய்யிடா."

நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன். சொதப்பியிருக்கலாம். நாலு வருடமாகச் செய்யவில்லையே, தானாகவே சொதப்பும் என்று நினைத்தேன். கழுத்தை நீட்டியதும் எல்லாம் வந்துவிட்டது. விசை, கை, நாக்கு, தொண்டை. "நாலு, எலும்பு. மெதுவா இறங்குங்கம்மா" என்று அண்ணன் குரலிலேயே வந்தது. அண்ணி சிரித்துவிட்டார். களுக்கென்று ஒரு சிரிப்பு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தார்.

"நல்லாத்தான் செய்யற," என்றார். "நாக்க ஒரு மாதிரி சுத்தினியே, அது நானா?"

"ஆமாண்ணே."

"நான் கவனிச்சதில்ல." எழுந்து கொடியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்துத் தேய்க்க விரித்தார். முதுகு காட்டிக்கொண்டே பேசினார். "ஒன்பது வருஷமா, இவனா இருக்குமோ அவனா இருக்குமோன்னு ஏறுற ஒவ்வொரு மூஞ்சியையும் பாத்துக்கிட்டிருந்தேன்டா. நோவோட ஏறுற சனம். அவங்களயெல்லாம் சந்தேகப்பட்டேன்."

நான் எழுந்து பின்னறைக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் வாய் வரவில்லை, அங்கேயாவது வரும் என்று. லிஃப்டில் கூட்டம். ஏறி ஓரமாக நின்று மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி போனேன். அண்ணன் நம்பர்களைச் சொன்னார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது தடவை கீழே இறங்கும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அண்ணே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். இருக்கும்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு."

"எந்த மாடி போகணும்?"

"மாடிக்கு வரலண்ணே. உங்களப் பாக்க வந்தேன்."

"டூட்டியில இருக்கேன்."

லிஃப்ட் நின்றது. வெளியே ஸ்ட்ரெச்சர். வயதான அம்மா ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மகள் போல ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓரமா நில்லு," என்றார் அண்ணன். சுவரோடு ஒட்டி நின்றேன். ஸ்ட்ரெச்சர் என் கால்விரல் வரை வந்து நின்றது. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வியர்வை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அங்கே கேட்க முடியாது என்று தோன்றியதோ என்னவோ, என்னிடம் திரும்பினாள்.

"இது எலும்பு மாடிக்குத்தான போகும்?"

அதற்கு என்ன சொன்னால் அவள் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். அச்சுப் பிசகாமல், அதே குரலில் சொல்லத் தெரியும். அண்ணன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.

"போகும்மா," என்றேன்.