கவர் கசிந்தது, கையைக் குறை சொன்னேன்: ஆரம்பாக்கம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு

தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை பழவேற்காடு ஏரிக்குப் போய் வந்தேன். வழக்கமாக இங்கே நான் எழுதுவது மலை, அருவி, நல்ல பரோட்டா கடை. இது அந்த ரகம் இல்லை. ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மழை, தீபாவளி, அலுவலகம் என்று மூன்று மாதம் சாக்குச் சொல்லி, சாக்கெல்லாம் தீர்ந்த பிறகு கிளம்பினேன். ஊரின் பெயரை எழுதவில்லை. நான் ஒரு வரி எழுதியதில் அவர்கள் ஏற்கெனவே பட்டது போதும்.

உணவுப் பொட்டலங்களைச் சோதிப்பது என் பிழைப்பு. போன புரட்டாசியில் அந்த ஊர் மகளிர் குழுவுக்கு ஒரு கவரைச் சிபாரிசு செய்தேன். சோளத்திலிருந்து செய்தது, உரக்குழியில் போட்டால் மக்கிவிடும். குழுவினர் தங்கள் கொட்டகையில் இறாலை உரித்து, வால் நுனியை மட்டும் விட்டு, அதில் அடைப்பார்கள். எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி ஒரு கூடத்துக்கு வண்டி அதைக் கொண்டுபோகும். அங்கே இரும்பு உருளைக்குள் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆறாயிரம் மடங்கு அழுத்துவார்கள். சூடு படாமலே கிருமி சாகும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுங்குவதால் இறால் நசுங்காது. பிறகு கொட்டகைக்குக் கொண்டுவந்து ஐஸில் வைத்தால் பல நாள் தாங்க வேண்டும். முதல் தடவை அழுத்திக் கொண்டுவந்து ஐஸில் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன்.

ஐந்தாம் நாளே நாறியது. வாங்கிய கடைக்காரர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன காரணம் என்று என்னைக் கேட்டார்கள். நான் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ‘கையாளுதலில் சுகாதாரக் குறைபாடு இருக்கலாம்’ என்று எழுதினேன். அந்த ‘இருக்கலாம்’ ஊர் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. கொட்டகையில் யார் கையில் காயம் என்று பார்த்தார்கள். கண்ணியம்மா கையில் தழும்புகள் இருந்தன, அவையே போதுமாகிவிட்டன. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கண்ணியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர்கள் எல்லாரும் வலை போடுகிற குடும்பம், இவர் மட்டும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற குடும்பம். இறாலின் தலைமுள் குத்தாத கை அந்த வீடுகளில் கிடையாது. சந்தேகம் அவர் மேல் அவ்வளவு சீக்கிரம் போனதற்கு அந்த வித்தியாசமும் ஒரு காரணம். அது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி சமயத்தில் ஏதோ உறுத்தி, அதே கவரில் நிஜ இறாலைப் போட்டு அழுத்திப் பார்த்தேன். அதற்கு முன் நான் சோதித்தது வெறும் தண்ணீர் நிரப்பிய கவரை! தண்ணீர் மட்டும் இருந்தால் கவர் அதிகம் மடங்காது. இறால்களுக்கு நடுவே காற்று இருக்கிறது, அழுத்தும்போது அது சுருங்கி இல்லாமலே போகிறது, கவர் அந்தச் சந்துகளுக்குள் இழுபட்டு வால் நுனிகளின் மேல் மடங்குகிறது. சாதாரண பிளாஸ்டிக் மடங்கினாலும் நிமிர்ந்துவிடும். இது அழுத்தத்தில் இன்னும் விறைத்து, மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விடுகிறது. சாயம் கரைத்த ஐஸ் தண்ணீரில் நான்கு நாள் வைத்தேன். சாயம் உள்ளே இருந்தது.

அலுவலகத்தில் சொன்னேன், கவரை மாற்றலாம் என்றார்கள், கோப்பை மூடினார்கள். ஊருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் சூளூர்பேட்டை வண்டி. அன்று நான் பிடித்தது காலை 7.35, ஆரம்பாக்கத்துக்குப் பதினைந்து ரூபாய். அறுபது கிலோமீட்டர் தூரம், ஒன்றே முக்கால் மணி நேரம். கும்மிடிப்பூண்டி வரை உட்கார இடம் கிடைக்காது, அதன் பிறகு காலை நீட்டிக்கொள்ளலாம். ஸ்டேஷன் வாசலில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ சேர்த்து நாற்பது ரூபாய். சாம்பார் சுமார்.

ஏரிக்கரை அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோ 180 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டது. ஓட்டுநர் பாபு, அந்தப் பக்கத்துக்காரர். “இன்னா சார், ஏரிக்கா? வேலையா?” என்றார். பறவை பார்க்க என்றேன். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். கழுத்தில் பைனாகுலர் வேறு தொங்கிக்கொண்டிருந்தது, ரயிலில் யாராவது கேட்டால் காட்டலாம் என்று மாட்டியது. மனுஷன் அதை நம்பி, தன் நைனா காட்டிய இடம் என்று இரண்டு கிலோமீட்டர் சுற்றி ஒரு சேற்றுத் திட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். கூடுதல் காசு வேண்டாமாம். இருநூறு பூநாரையாவது இருக்கும். அழகுதான், பார்க்க வேண்டியதுதான். நான் இருபது நிமிடம் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. பக்கத்தில் அவர், “அந்தக் கவர் கம்பெனிக்காரங்க வந்தாங்க பாருங்க சார், அவங்களும் மொத நாளு பறவதான் பாத்தாங்க” என்றார். நான் பைனாகுலரைக் கீழே இறக்கவில்லை.

கரைக்குப் போகும்போது மணி 10.40. பாபு காத்திருப்பதாகச் சொன்னார். கண்ணியம்மா தண்ணீருக்குள் இருந்தார். கரையிலிருந்து முப்பது அடி தள்ளி, இடுப்பளவு ஆழத்தில் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடை, அதைப் பறி என்பார்கள், அதன் கயிறு பல்லுக்கிடையில். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

நான் பேண்ட்டை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, மூன்று மாதம் மனப்பாடம் செய்ததை அப்படியே கொட்டினேன். உங்கள் கை காரணமில்லை, கவர்தான், நான்தான் தப்பாக எழுதினேன். முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். பல்லில் கயிற்றைக் கடித்திருப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? இந்த அறிவு எனக்கு அப்போதுதான் வந்தது. அவர் பாட்டுக்குத் துழாவிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு இறாலைப் பிடித்துப் பறிக்குள் போட்டார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், வேறென்ன செய்வது.

ஒரு கால் மணி நேரம் கழித்துக் கரையேறி, பறியை மணலில் வைத்தார். புடவை முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். என் கவர். புதுசு, அழுத்தப்படாதது. உள்ளே ரேஷன் கார்டும் இருபது ரூபாய்த் தாளும் காய்ந்த சருகாக இருந்தன.

“இது நல்லாத்தான் கீது. அமுக்கிக் கொண்டாந்தீங்களே, அதுதான் வேர்த்துது. அன்னிக்கே ஐஸ் டப்புல கைய வுட்டுச் சொன்னேன், கவரு மேல வழவழன்னு கீது சார்னு. நீ சிரிச்ச.”

சிரித்தேன். ஐஸ் உருகினால் எல்லாம் வழவழக்கும்தான் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. கலங்கிய தண்ணீரில் கண்ணால் பார்க்காமல் இறாலைப் பிடிக்கிற கை சொன்னதைக் கேட்காமல், கருவி சொன்னதைக் கேட்டேன். அவர் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது சார்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க அங்க கீறாங்க.”

கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அங்கே போகும் எண்ணமே இருக்கவில்லை. அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு 1.20 வண்டியைப் பிடித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தேன்.

இந்த இடத்திலேயே பயணக் குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன், முடிவை எழுதிய பிறகு மனம் வராது. மார்கழி, தை, மாசிதான் பறவைக் காலம். காலை ஒன்பதுக்குள் கரையில் இருங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், கரையில் கடை கிடையாது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லி, போகவர 400 என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தண்ணீரில் இறால் பிடிக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். என்னைப் போல மக்கும் கவர், புதுக் கவர் என்று எதையாவது தூக்கிக்கொண்டு போகிறவராக இருந்தால், அவர்கள் பொருளையே உள்ளே போட்டு அழுத்துங்கள், அவர்கள் ஐஸிலேயே வாரம் முழுக்க வைத்துப் பாருங்கள். கசிகிறது என்று ஒருவர் சொன்னால் உங்கள் கையையும் அந்த டப்பில் விடுங்கள். ஒரு நிமிடம் ஆகும்.

கொட்டகையில் பதினோரு பெண்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைவி செல்வி எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. கண்ணியம்மா ஈரப் புடவையோடு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் நிரப்பிச் சோதித்தது, கண்ணியம்மா எச்சரித்தது, நான் சிரித்தது, பார்க்காமலே எழுதியது. உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

செல்வி கேட்டார்: “தீவாளிக்கே தெரிஞ்சும் இவ்ளோ நாளு சும்மா இருந்தீங்களா சார்?”

ஆமாம் என்றேன். அவர் என்னை அதற்கு மேல் கேட்கவில்லை. வாசலைப் பார்த்து, “யக்கா, திங்கக்கெழம வந்துடு” என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. பின்னால் ஆட்டோ பாபு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் கழுத்தில் இன்னும் அந்த பைனாகுலர்.

கண்ணியம்மா குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார், கழுவியதையே மறுபடியும் கழுவினார். பிறகு உள்ளே வந்து செல்வியைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, இரண்டு கையையும் நீட்டினார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை.

“பாத்துக்கோ சார். எழுதறதுக்கு மின்ன பாக்கல இல்ல, இப்ப பாத்துக்கோ.”

பார்த்தேன். விரல் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைத் தழும்பு. எல்லாம் எப்போதோ ஆறிப்போனவை. புதுக் காயங்கள் நான்கைந்து மட்டும் சிவப்பாக இருந்தன. அவை கொட்டகையை விட்டு ஏரிக்குத் திரும்பிய இந்த மூன்று மாதத்தில் வந்தவை.