திரும்பி வந்த குளிசைகள்

முப்பத்தெட்டாவது வயதில் நான் பள்ளிக்கூடப் பை வாங்கினேன். மகளுக்குப் பை வாங்கப் போன கடையில் எனக்கும் ஒன்று எடுத்தேன். கடைக்காரி இரண்டும் மகளுக்கா என்று கேட்டாள், ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வெட்கம்தான். பள்ளி தொடங்கும் நாள் வரைக்கும் அதை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

இந்த வயசில் என்னத்துக்குப் படிப்பு என்று கேட்காத ஆள் இல்லை. கோயிலில் கேட்டார்கள், பிறந்தநாள் மண்டபங்களில் கேட்டார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ என்று ஓர் அக்கா என் முகத்துக்கு நேரேயே சொன்னா. எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வடைத் தட்டை அவவிடம் நீட்டினேன். கணவர் மட்டும் கேட்கவில்லை. தான் வேலை செய்யும் பேக்கரியில் கேட்டு விடியற்காலை வேலைக்கு மாறிக்கொண்டார், மத்தியானம் மகள் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமென்று.

உண்மையான காரணத்தை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ஆசை என்று சொன்னால் சிரிப்பார்கள். சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதையை முதல் தடவை பூட்டிய காலத்தில், அங்கே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பாமசி ஒன்றில் மூன்று வருஷம் வேலை செய்தேன். கொழும்பில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் கையில் இருந்தது, போகத்தான் வழி இல்லை. கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை. ஆனால் அந்த மூன்று வருஷமும் நான் கவுண்டருக்கு உள்பக்கம் நின்றேன். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் வருவா. தங்கச்சி, இதை எத்தனை மணிக்கொருக்கால் குடுக்கிறது என்று கேட்பா. இருபத்து நாலு வயதுப் பெட்டை சொல்வதை நம்பி வாங்கிக்கொண்டு போவா. ஒருத்தர் என் சொல்லை அப்படி நம்பியது அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நடக்கவில்லை.

கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நின்றேன். சூப்பில் உப்புக் காணுமா என்றுகூட ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. வேலைக்குப் போகும் வழியில், ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஓர் அப்போதேக்கை இருந்தது. பாமசிக்கு இங்கே அதுதான் பெயர். கண்ணாடி வழியே பார்ப்பேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி குனிந்து, மருந்துப் பெட்டியின் மேல் பேனையால் ஏதோ எழுதி, ஒரு கிழவரிடம் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்க்கப் பார்க்க அந்த ஆசை வரும். பசி மாதிரித்தான் இருக்கும், சாப்பிட்டால் போகாது. சில நாட்களில் ட்ராமைத் தவறவிட்டுவிட்டு நிற்பேன்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பார்த்தேன். என் ஊர்ச் சான்றிதழுக்கு அது எட்டாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மருந்தாளருக்கு ஒரு படி கீழே ஓர் ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்படிப்பு, இருக்கிறது என்று வேலை தேடித் தரும் அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டு வருஷம் பள்ளியில் படிக்கவேண்டும், ஆறு மாதம் அப்போதேக்கையில் பயிற்சி. முடித்தால் மருந்து கலக்கலாம், கவுண்டரில் நின்று கொடுக்கலாம், மருந்தாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்பவருக்குப் படி தெரியவா போகிறது? எனக்குத் தேவையானது கவுண்டர்.

கார்ல்ஸ்ரூஹேயில் பள்ளி. முதல் நாள் வகுப்புக்குள் போனதும் பதினேழு வயதுப் பெட்டைகள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான்தான் ஆசிரியை என்று நினைத்திருக்கிறார்கள். கடைசி வாங்கில் போய் இருந்ததும் பேச்சு மறுபடி தொடங்கியது. மூலிகைப் பாடத்தில் மட்டும் நான் ராணி. கண்ணாடிக் கிண்ணங்களில் காய்ந்த விதையும் இலையும் வைத்து என்னவென்று கேட்பார்கள். கொத்தமல்லி, பெருஞ்சீரகம், கராம்பு, நிலாவரை எல்லாம் மணத்திலேயே தெரிந்துவிடும். அடுப்படியில் நின்று தேய்ந்தது வீண் போகவில்லை. இரசாயனத்தில்தான் கவிழ்ந்தேன். முதல் சோதனைத் தாளை மடித்து வைத்துக்கொண்டு பள்ளிக் கழிப்பறையில் அழுதேன். பிறகு மகள் சாப்பாட்டு மேசையில் என்னை இருத்திக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். பிழை விட்டால், அம்மா திரும்பச் சொல்லுங்கோ என்பாள். நான் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது கத்திய கத்துக்கு அவள் எவ்வளவோ மேல்.

எழுத்துச் சோதனைகளைப் பாஸ் பண்ணினேன். பயிற்சிக்கு நாங்கள் குடியிருந்த ஊரிலேயே ஓர் அப்போதேக்கை என்னை எடுத்தது. அதை நடத்திய மருந்தாளர் அம்மாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. மெலிந்த, அதிகம் சிரிக்காத பெண். வெள்ளைக் கோட்டைத் தந்தபோது கை நீளமாக இருந்தது, மடித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் அவ சொன்னா, இப்போதைக்குப் பின் அறையில் வேலை செய்யட்டாம், என் ஜெர்மன் மெதுவாக வருகிறதாம், வருபவர்களுக்குப் பொறுமை இல்லையாம். பின் அறையில் இருந்து கவுண்டருக்கு ஏழு அடிதான். அந்த ஏழு அடியை நான் ஐந்து மாதம் நடக்கவில்லை.

பின் அறையில் எனக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, திரும்பி வந்த மருந்துகளைப் பிரிப்பது. இங்கே சனம் வீட்டில் மிஞ்சின மருந்தைப் பையில் போட்டு அப்போதேக்கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும். அதிகம் வருவது செத்துப்போனவர்களின் மருந்து. பெட்டியைக் கடதாசிக் கூடையிலும் குளிசையைக் கறுப்புத் தொட்டியிலும் போடவேண்டும். தொட்டி நிரம்பினால் எரிக்கக் கொண்டுபோவார்கள். முதல் நாள் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்ற எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. சீல் உடைக்காத பெட்டிகள். காலாவதிக்கு இரண்டு வருஷம் இருந்தது. நான் வேலை செய்த பாமசியில் நிலத்தில் விழுந்த குளிசையைக்கூட ஊதித் துடைத்து எடுத்து வைப்போம்.

அந்த வருஷம்தான் யாழ்ப்பாணப் பாதையை மறுபடி பூட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த என் அக்காவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பேன். அரிசி பற்றிச் சொல்வா, மண்ணெண்ணெய் பற்றிச் சொல்வா. ஒரு ஞாயிறு, தன் கணவர், என் அத்தான், இரத்த அழுத்தத்துக்குப் போடும் பிறசர் குளிசை கடைகளில் இல்லை என்று சொன்னா. இருப்பதை இழுத்துப் பிடிக்கிறோம் என்றா. பெயரைக் கேட்டேன். சொன்னா. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அதே குளிசையில் இரண்டு பெட்டியை நான் தொட்டியில் கொட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் கொட்டவில்லை. அந்தக் குளிசை சீல் உடைக்காமல் வந்தால் பின் அறையில் இருந்த என் அலுமாரித் தட்டில், சப்பாத்துக்குப் பின்னால் வைத்தேன். ஒன்பது பெட்டி சேர்ந்தது. தெரிந்த ஒருவர், நத்தார்ப் பண்டிகை முடியத் தான் கொழும்புக்குப் போவதாகவும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். களவு என்று எனக்குத் தோன்றவேயில்லை. எரிகிற வீட்டில் இருந்து பிடுங்கி எடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அத்தான் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதை மனதுக்குள் எத்தனை தரம் பார்த்திருப்பேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பயிற்சி முடிய இரண்டு கிழமை இருந்தது. மாலை ஆறரைக்குப் பையோடு பின் கதவால் இறங்கும்போது பையின் காது அறுந்து, ஒன்பது பெட்டியும் மருந்தாளர் அம்மாவின் காலடியில் கொட்டிற்று. அவ ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. காலையில் ஒன்று என்று அந்தப் பெட்டியில் எழுதியிருந்தது அவவின் கையெழுத்து. அதைக் கொண்டுபோன கிழவரின் செத்தவீட்டுக்கு அவ போய் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. ஏன் என்று மட்டும் கேட்டா. எனக்குக் கோபம் வந்தது. இங்கே எரிக்கிற மருந்துக்கு அங்கே ஆட்கள் சாகிறார்கள் என்று தொடங்கினேன். பாதை, கப்பல், அத்தான் எல்லாம் சொன்னேன். ஐந்து மாதமாகத் திக்கித் திணறின என் ஜெர்மன் அன்றைக்குத் தடையில்லாமல் ஓடியது. அவ கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றா. அந்தக் கிழவர் மருந்தை எங்கே வைத்திருந்தார், ஹீட்டருக்கு மேலா, வெயிலில் நின்ற காரிலா, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டா. தெரியாது என்றேன்.

"ஒருவர் கவுண்டருக்கு வருகிறார்," என்றா. "செத்துப்போன அயலவரின் மருந்து இருக்கிறது, என் கணவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

எனக்குப் பதில் தெரியும். முதல் பெட்டியை ஒளித்த அன்றைக்கே தெரியும்.

"கொடுக்கக் கூடாது என்பேன்."

அவ தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்தா. ஒன்பது பெட்டியையும் என் கையாலேயே உடைத்துப் போட்டேன். அவ சொன்னது சரி. ஆனால் அது மருந்து மலிந்த நாட்டின் சரி என்றும் எனக்குப் பட்டது. இந்த இரண்டு நினைப்பும் இன்றுவரை எனக்குள் சமாதானமாகவில்லை. என் பயிற்சிச் சான்றில் கையெழுத்து வைப்பதா இல்லையா என்று நாளைக்குச் சொல்கிறேன் என்றா. அவ கையெழுத்து இல்லையென்றால் கடைசிச் சோதனை இல்லை, இரண்டரை வருஷமும் தண்ணீரில் போன உப்பு.

அடுத்த நாள் காலை கோட்டைப் போடவா விடவா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கையெழுத்து வைப்பேன் என்றா. இனி அந்தப் பைகளை நான் தொடக்கூடாது, முன்னுக்கு வந்து தன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றா. அவ்வளவுதான். நான் அந்த ஏழு அடியை நடந்தேன். முதலில் வந்தது இருமல்காரி ஒருத்தி. சிரப்பை எப்படிக் குடிப்பது என்று சொன்னேன், நன்றி என்று சொல்லிப் போனாள். இத்தனை வருஷம் ஏங்கிய இடம். ஆனால் அந்த நேரம் அத்தானின் முகம்தான் எனக்குள் வந்தது. எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஆளுக்கு இந்தக் கவுண்டரால் என்ன பிரயோசனம் என்று நினைத்து, யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் எடுத்தேன். மருந்து அனுப்ப ஏலாது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன்.

"அப்ப என்னத்துக்கு உந்தப் படிப்புப் படிச்சனி?" என்று அக்கா கேட்டா. கோபத்தில் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டா. அதுதான் எனக்கு வலித்தது.

பிறகு அத்தான் போனை வாங்கினார். தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்த மனுசன், அதிகம் பேசமாட்டார்.

"அதை விடு பிள்ளை. நான் ஒண்டு கேக்கவேணும். குளிசை முடிஞ்சுபோடுமெண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறன். அது சரியோ?"

இவ்வளவு நாளும் பெட்டி சேர்ப்பதிலேயே நின்ற எனக்கு, எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை. பாமசியில் நின்றவள், இரண்டரை வருஷம் படித்தவள். என்னை நானே அறையலாம் போல இருந்தது.

"சரியில்லை அத்தான். விட்டு விட்டுப் போட்டால் பிறசர் ஏறி இறங்கும், அது இன்னும் கூடாது. குளிசையின்ரை நடுவில கோடு இருக்கோ?"

போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓம், இருக்கு."

"அதில உடையுங்கோ. காலமை காலமை பாதி. ஒருநாளும் விடாதேங்கோ. கிழமைக்கு ஒருக்கால் கிளினிக்கில பிறசரைப் பாருங்கோ."

"பாதி. காலமை. விடக்கூடாது," என்றார். "சரி, அப்பிடியே செய்யிறன்."

எத்தனை குளிசை இருக்கிறது என்று கேட்டேன். பதினொன்று என்றார். அப்படியென்றால் இருபத்திரண்டு நாள். அவர் விட்டு விட்டுப் போட்டிருந்தாலும் அதே இருபத்திரண்டு நாள்தான், என் படிப்பால் அதில் ஒரு நாளைக்கூடக் கூட்ட முடியவில்லை. ஆனால் இனி மருந்தில்லாத நாள் என்று நடுவில் ஒன்று வராது.

"அதுக்குப் பிறகு?" என்று கேட்டார் அத்தான்.

அடுத்த ஞாயிறும் எடுக்கிறன் என்று சொன்னேன்.