பால் ஸ்டோர் சுவரில் மூன்று நட்சத்திரங்கள்

என் மாமாவின் மேல், அதாவது அம்மாவின் தம்பி மேல், எனக்குச் சந்தேகம் வந்தது அவர் நட்சத்திரங்களைப் பற்றி இரண்டாம் முறை கேட்டபோதுதான்.

அது வெள்ளைக்காரர்கள் மலாய் நாட்டில் அவசரகாலம் போட்டிருந்த சமயம். சுங்கை லாலாங் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் ஒளிந்து போரிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினால் அம்மா எங்கள் விளக்கைக் குறைப்பாள். எல்லாரும் யாரையாவது சந்தேகித்துக் கொண்டிருந்தபோது நானும் ஒருவரைச் சந்தேகிப்பது நியாயமாகவே பட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வானத்தில் ஆவியும் தூசியும் மேகம்போல் பரந்து கிடக்கின்றன என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அவை ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு, நெருங்க நெருங்கச் சூடேறி எரியத் தொடங்கினால் அதுதான் நட்சத்திரம். நிறையத் திரண்டால் பெரியது, கொஞ்சம் திரண்டால் சின்னது.

மாமா பால் ஸ்டோரில் கித்தா என்னும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறைய வைப்பவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். நான் சொன்னதைக் கேட்டதும் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்குகள் மூன்றை எடுத்து, கூடக் குறையப் பால் ஊற்றி ஆசிட் விட்டார். சற்று நேரத்தில் ஒன்றில் பெரிய கட்டி, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் சுண்டைக்காய் அளவு.

"அப்ப மேலயும் நம்ம ஸ்டோரு வேலதான் நடக்குதுலா," என்றார். "சூடு எங்கேருந்து வருதுன்னாரு? இன்னொரு தரம் சொல்லு."

இவருக்கு எதற்கு இதெல்லாம்? நாளைக்குத் தன் கூட்டாளிகளிடம் தானே கண்டுபிடித்ததுபோல் அளந்துவிடுவார் என்று பயந்தேன். முந்திக்கொள்ள நினைத்து, அவர் உள்ளே தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது வெளிச்சுவரில் சுண்ணக்கட்டியால் மூன்று நட்சத்திரங்கள் வரைந்தேன். பெரிது, நடுத்தரம், சிறிது. அடியில் என் பெயரை எழுதச் சுண்ணக்கட்டி போதவில்லை.

காட்டுக்காரர்களின் தொப்பியில் மூன்று நட்சத்திரம் இருக்கும் என்பது பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். பிள்ளைகள் முன்னால் யாரும் அதைப் பேசாததால் எனக்குத் தெரியாது. அதைச் சுவரில் போட்டவன் சிக்கினால் தடுப்பு முகாம், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்.

மறுநாள் பள்ளி விடுமுறை. வெட்டிய பாலை ஸ்டோரில் வரிசையாக நின்று நிறுக்கும் நேரத்தில் போலீஸ் லாரி வந்தது. மலாய்க்கார சார்ஜன் சுவரைக் காட்டி, "சியாப்பா?" என்றார். யார் போட்டது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தமிழில் கேட்டார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். நான் பெருமையோடு கையைத் தூக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்தாள்.

"நாந்தாங்கையா," என்றார் மாமா.

ஏன் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று கேட்டார்கள். மாமா தூசியிலிருந்து தொடங்கினார். திரள்வது, சூடேறுவது, அளவு ஏன் மாறுகிறது, எல்லாம் வரிசை தப்பாமல் சொன்னார். அத்தனையும் நான் சொன்ன சொற்கள். கிராணி மொழிபெயர்த்ததைக் கேட்ட சார்ஜன் இன்னும் நெருங்கி வந்தார். கைநாட்டு வைக்கிறவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கச் சொன்னார்.

"யாரும் சொல்லலைங்கையா. பாலப் பாத்துப் பாத்து நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

ஸ்டோருக்கு எதிரே, பள்ளியை ஒட்டிய தன் வீட்டு வாசலில் நின்றிருந்த வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பெயரை ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மாமாவை லாரியில் ஏற்றினார்கள். அம்மா அழுதாள். நான் அழவில்லை. லாரி கேட்டைத் தாண்டும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திருடியவர் எந்த முகத்தோடு என்னைப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.