மீனுக்கு ஆகாத கை

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்தக் குழாய்க்கே தெரியாது. அப்படிப்பட்ட சிவகாசியில், ஓர் அறையும் அடுப்படியுமான வாடகை வீட்டில், நான் தங்கமீன் வளர்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலைக்குப் போனாள். பட்டாசுக்கு வெளியே நான், உள்ளே அவள் என்று கேலி பேசிக்கொள்வோம். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும்.

தங்கமீன் பார்க்கத்தான் அழகு. தின்னும், உடனே தண்ணீரை அசிங்கப்படுத்தும். தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தத் தண்ணீரும் என் மனைவி வரிசையில் நின்று சுமந்த குடங்களிலிருந்துதான் வரவேண்டும். அப்போதுதான் மீன் கடைக்காரர் சம்ப் வைக்கச் சொன்னார். மேல் தொட்டியின் அடிக் கண்ணாடியில் ஓட்டை போட்டு, ஒரு பைப்பை உள்ளே நட்டமாக நிறுத்த வேண்டும். மிஞ்சுகிற தண்ணீர் பைப்பின் வாய் வழியாகக் கீழே உள்ள சின்னத் தொட்டிக்கு இறங்கும். அதுதான் சம்ப். அங்கே பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வடிந்து, குட்டி மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டாம்.

அவளுக்குக் குடம் சுமப்பது குறையும் என்றுதான் செய்தேன். அது பாதி உண்மை. மீதி, தண்ணீர் ஏறி இறங்குவதை உட்கார்ந்து பார்க்கிற ஆசை.

"நம்ம ஒத்த ரூம்புல கெடக்கோம். உங்க மீனுக்கு மட்டும் மாடி வீடா?" என்றாள். ஆனாலும் பைப்பை அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மீனுக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுக் கேட்டு அந்தக் கடைக்காரரைப் படாதபாடு படுத்தியிருக்கிறேன். குளோரின் ஆகாது. சோப்பு ஆகாது. பைப் ஒட்டும் பசை காயாமல் தண்ணீர் விடக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தீபாவளி சீசன் நேரம். அன்றைக்கு எனக்கு லீவு, அவளுக்கு வேலை. பைப் எல்லாம் பூட்டித் தண்ணீர் நிரப்பி மீன்களையும் விட்டாயிற்று. சாயங்காலம் பார்த்தால், அடிக் கண்ணாடி ஓட்டையில் பைப்பைப் பிடித்து நிற்கிற கனெக்டரில் கசிவு. ஸ்டாண்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்து நட்டை முடுக்கினேன். நட்டோடு சேர்ந்து மொத்தக் கனெக்டரும் சுற்றியது. வாஷர் விலகி, தண்ணீர் என் முகத்தில் கொட்டியது. தொட்டிக்குள் ஒரு கை அதைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டால்தான் கீழே முடுக்க முடியும். என் கை எட்டவில்லை.

அந்த நேரம் அவள் வேலை முடிந்து, பக்கத்து வீட்டில் விட்டிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பார்த்தாள். பிள்ளையை இறக்கிவிட்டு, முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டுக் கனெக்டரை அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் நின்றது.

"இப்ப முடுக்குங்க" என்றாள்.

நான் முடுக்கியிருக்க வேண்டும். கண்ணாடி வழியாக மேலே பார்த்தேன். அலுமினியப் பொடி ஏறிச் சாம்பலாய் மின்னிய அவள் கையிலிருந்து, வெள்ளியாக ஏதோ பிரிந்து தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது.

"கைய எடுடி!" என்று கத்தினேன். "மருந்துக் கைய உள்ள விடுற! மீனு பூராஞ் செத்துரும்!"

அவள் எடுத்துவிட்டாள். தண்ணீர் மறுபடி என் முகத்தில் கொட்டியது. கொட்டட்டும், எனக்கு வேண்டியதுதான்.

மீன்களை வாளியில் அள்ளினேன். அவள் தரையைத் துடைத்தாள். பிறகு வெளியே போய் நெடுநேரம் கை கழுவினாள். கல்லில் தேய்க்கிற சத்தம் கேட்டது. எனக்கு முன்கோபம் அதிகம் என்பது அவளுக்குத் தெரியும், அப்படியே விட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரிப் பருப்புச் சோற்றைப் பிசையாமல், கரண்டியால் மசித்துப் பிள்ளைக்கு நீட்டினாள். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது. அம்மாவின் விரலைப் பிடித்துச் சோற்றுக்கு இழுத்தது. அவள் விரலை விடுவித்துக்கொண்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

"கையாலயே குடு" என்றேன். "நான் ஏதோ கோவத்துல சொன்னேன்."

"எனக்குக் கோவமெல்லாம் இல்லீக. நெசமாத்தான் கேக்கேன். மீனு செத்துரும்னு சொன்னீகள்ல? அப்ப இவளுக்கு? தேச்சுக் கழுவுனா போயிருமா, போகாதா?"

எனக்குத் தெரியவில்லை. மீனுக்கு ஆகாததையெல்லாம் கடைக்காரரிடம் துருவித் துருவிக் கேட்டவன், இந்த ஒன்றை ஒருவரிடமும் கேட்டதில்லை. அவள் அந்தக் கையால் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறாள், எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், அவளும் தின்றிருக்கிறாள். அவள் உடம்புக்குள் என்ன போகிறது என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. மீன் என்றதும் தோன்றிவிட்டது. நினைத்தாலே குறுகிப்போகிறேன்.

வேலையை விடச் சொன்னேன். "விட்டுட்டு?" என்றாள்.

மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. மறுநாள் கனெக்டரைச் சரியாகப் பூட்டினேன். சம்ப் அருமையாக ஓடியது, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அவள் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. பிள்ளை சில நாள் அழுதது, சில நாள் பட்டினி கிடந்தது, பிறகு கரண்டிக்கு வாய் திறந்தது.

தீபாவளி முடிந்து, பக்கத்து வீட்டு அக்கா மீன் பார்க்க வந்தார். எங்கள் மகள் தரையில் உட்கார்ந்து, ஒரு பருக்கை சிந்தாமல் தானே கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"இம்புட்டுக்காணு புள்ள, கரண்டிய எம்புட்டு அழகாப் பிடிக்குது!" என்று அவர் அதிசயப்பட்டார். "யாரு பழக்குனா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை.

"அவுக அப்பாதான்" என்றாள்.