இசோக்கெனும் ஐந்தாம் மாடி வாளியும்

இசோக்கென் பெனின் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஒன்பது வருஷம் குற்றச் செய்தி எழுதியவள். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தே பாதி இளமையைக் கழித்தவள் என்று அவள் அண்ணன் கேலி செய்வான். கணவன் ஒசாஸேவுக்கு மான்செஸ்டரில் நர்ஸ் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு கிளம்பி வந்தாள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள்.

கை பாட்டுக்கு மடிக்கும், வாய் சும்மா இருக்காது. நாற்பத்திரண்டாம் அறையில் தங்கியிருப்பவர் ஒருத்தர்தானே, தினமும் ஏன் ஏழு துண்டு வருகிறது? தலையணை உறையில் மாவு ஒட்டியிருக்கிறதே, அறைக்குள் என்ன சுடுகிறார்கள்?

"கேள்விக்கெல்லாம் இங்க சம்பளம் இல்லம்மா, மடி" என்பார் மேற்பார்வைக்காரர்.

பத்திரிகை வேலைக்கு அவள் அனுப்பிய மனுக்கள் முப்பதைத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. வந்த சில பதில்களும் "உள்ளூர் அனுபவம் தேவை" என்றன. இந்த ஊரில் திருடனும் போலீஸும் வேறு மாதிரியா இருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அதைவிட உறுத்தியது வேறு ஒன்று. ஆறு வயது மகள் ஈவியிடம் பள்ளியில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். படமாகவே வரைந்து கொடுத்துவிட்டாள் குழந்தை: ஒரு பெரிய வெள்ளைத் துணி, அதன் பின்னால் அம்மாவின் இரண்டு கால்கள் மட்டும்.

மே மாதம் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அன்று சாயங்காலமே ஊர்க்காரி ஒமோயேயின் முடி பின்னும் கடைக்கு ஓடினாள். இசோக்கென் குடியிருக்கும் சீட்டம் ஹில் பேட்டையில் இருக்கிற பெனின் பெண்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகுமுன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். ஒமோயே பின்னுவதோடு நிறுத்தமாட்டாள், கேள்வியும் கேட்டுப் பழக்குவாள்.

"சரி, நான்தான் பத்திரிகை ஆசிரியரம்மா. உன்னோட பலவீனம் என்ன, சொல்லு" என்றாள், ஒரு கொத்து முடியை இழுத்துப் பிடித்தபடி.

"எனக்குப் பலவீனம்னு எதுவும் இல்ல."

முடி காயவைத்துக்கொண்டிருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ஒமோயே தலையில் நறுக்கென்று குட்டினாள். "அடியே, நம்ம ஊர்ல அது தைரியம். இங்க அதுக்குப் பேரு திமிரு. கொஞ்சம் அழுக்கைக் காட்டணும்டி. ஆனா துவைச்ச அழுக்கா இருக்கணும்."

"துவைச்ச அழுக்குன்னா?"

"எடுத்த வேலைய முடிக்காம தூக்கம் வராதுன்னு சொல்லு. அது பலவீனம் மாதிரியும் இருக்கும், பலம் மாதிரியும் இருக்கும்."

"நெஜமாவே எனக்குத் தூக்கம் வராதேக்கா!"

"அப்போ அத அவங்க கேக்கறப்ப சொல்லு. எங்கிட்ட ஏன் கத்துற? தலைய ஆட்டாத."

இத்தனை பழகிக்கொண்டு போனவளுக்கு நேர்காணலில் அந்தக் கேள்வி வரவே இல்லை. ஆசிரியர் ஜில் குட்டை முடியும் தடித்த கண்ணாடியுமாக இருந்த அறுபது வயதுக்காரி. வந்திருந்த மூன்று பேரையும் நிற்கவைத்தே பேசினாள்.

"இப்போ மணி பத்து. உங்க உங்க பேட்டைக்குப் போங்க. இதுவரைக்கும் யாரும் எழுதாத ஒரு செய்தியோட சரியா ஒரு மணிக்கு இங்க வந்து நிக்கணும். அவ்வளவுதான் நேர்காணல்."

பஸ் பிடித்து சீட்டம் ஹில்லில் இறங்கியவள் அரை மணி நேரம் தெருத்தெருவாக நடந்தாள். மூடிக்கிடந்த வங்கி, புதிதாகத் திறந்த கோழிக்கடை, சாலையில் ஒரு பள்ளம். எதுவும் தேறவில்லை. பெனினாக இருந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும். இங்கே நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தும் கடைக்காரரைத் தவிர ஒருவரையும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

லார்ச்ஃபீல்ட் அடுக்குமாடிக் கட்டடத்தைக் கடக்கும்போது மேலேயிருந்து ஒரு பெயிண்ட் வாளி இறங்கி வந்தது. நீல நைலான் கயிற்றில் கட்டியிருந்தது. கீழே காத்திருந்த ஒரு மனிதர் அதிலிருந்து மடித்த கால்சட்டையை எடுத்துக்கொண்டு, தைக்க வேண்டிய கோட்டு ஒன்றை உள்ளே வைத்துக் கயிற்றை இரண்டு முறை சுண்டினார். வாளி ஆடி ஆடி மேலே போய் ஐந்தாம் மாடி ஜன்னலுக்குள் மறைந்தது.

இசோக்கென் அவரிடம் ஓடினாள். "அண்ணே, மேல யாரு?"

"தையல்காரம்மா. லிஃப்ட் படுத்து ஏழு வாரம் ஆச்சு. அவங்களால இறங்க முடியாது."

ஐந்து மாடியும் ஏறினாள். கதவைத் திறந்தவள் சக்கர நாற்காலியில் இருந்தாள். பெயர் கும்பா சீசே, காம்பியாக்காரி. மடியில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி.

"மூச்சு வாங்குதா தங்கச்சி? உக்காரு. என்ன தைக்கணும்?"

"தைக்க வரலக்கா. நான் பத்திரிகைக்காரி." இரண்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்ல வேளை வரவில்லை.

கும்பா குண்டூசிகளை எடுத்து வைத்தாள். "பத்திரிகைக்காரியா? வந்து சேர ஏழு வாரமா?"

பேசப் பேச நோட்டுப் புத்தகம் நிறைந்தது. இரண்டு முறை மருத்துவமனைத் தேதி தவறியிருக்கிறது. மருந்து, பால், துணி எல்லாம் வாளியில்தான் ஏறுகிறது. கட்டடத்தைப் பராமரிக்கிற கம்பெனிக்குப் பதினோரு முறை போன் செய்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "சரிபண்ணியாச்சு அம்மா" என்றே பதில்.

"எனக்கு ஒரு கட்டத்துல சந்தேகமே வந்துருச்சு. லிஃப்ட் ஓடுதோ, எனக்குத்தான் கண்ணு தெரியலியோன்னு."

இதுவே நல்ல செய்திதான். மணி பதினொன்றரை. இப்போது கிளம்பினால் நிதானமாக எழுதிக்கூடக் கொடுக்கலாம். ஆனால் ஒரு தரப்பை மட்டும் கேட்டு அவள் ஒருநாளும் எழுதியதில்லை. தவிர, ஓடாத லிஃப்டை ஏன் ஓடுகிறது என்கிறார்கள்? பொய் சொல்வதென்றால் இன்னும் சாமர்த்தியமாகச் சொல்லலாமே!

அங்கிருந்தே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாள். இசை வந்தது. வந்துகொண்டே இருந்தது. கும்பா கோட்டின் கை இரண்டையும் தைத்து முடித்துவிட்டாள், இசை நிற்கவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு ஒரு பெண் எடுத்தாள்.

"லார்ச்ஃபீல்ட் லிஃப்டா? போன மாசம் ஒன்பதாந் தேதியே ரிப்பேர் முடிஞ்சிருச்சு. இருபத்தொண்ணாந் தேதி திரும்பவும் வந்து பாத்திருக்காங்க. மெக்கானிக் கையெழுத்து இருக்கு."

"எந்த லார்ச்ஃபீல்ட்னு போட்டிருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"மேற்கு."

இசோக்கென் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். புல்வெளிக்கு அந்தப் பக்கம் அச்சு அசலாக இதே மாதிரி இன்னொரு கட்டடம் நின்றது.

"அக்கா, இது கிழக்கா மேற்கா?"

"கிழக்கு" என்றாள் கும்பா. சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒரு மணிக்குப் போய்ச் சேர முடியும். படியிறங்கும்போது நிறுத்தத்தில் பஸ் வந்து நிற்பது தெரிந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். கால் பஸ்ஸைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தது, பிறகு புல்வெளிப் பக்கம் திரும்பிவிட்டது.

மேற்குக் கட்டடத்தின் லிஃப்ட் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. உள்ளே புத்தம்புது பொத்தான்கள் மின்னின. சாமான் பையோடு ஒரு பெரியவர் இறங்கினார்.

"ஐயா, இது எப்ப கெட்டுப் போச்சு?"

"எங்க கெட்டுப் போச்சு? நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு ரெண்டு பேர் வந்து பிரிச்சு மாட்டினாங்க. பன்னெண்டு நாள் கழிச்சு அதே ஆளுங்க மறுபடி வந்தாங்க. எதுக்குப்பான்னு கேட்டா, புகார் வந்திருக்குன்னாங்க. யாரு புகார் பண்ணுனதுன்னு மாடிமாடியாக் கேட்டுப் பாத்தேன், ஒருத்தரும் ஒத்துக்கல."

அவர் பெயரையும் வயதையும் குறித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்து அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்று இருபத்தாறு. மற்ற இரண்டு பேரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு மணின்னு சொன்னேன்."

"ஆமா மேடம். எதிர்த்தரப்பு பதில் கிடைக்க நேரமாயிருச்சு. பதிலில்லாம எழுதினா அது பாதிச் செய்திதான்."

ஜில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஓடிட்டிருந்த லிஃப்டை ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணியிருக்காங்களா?" என்றவள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டாள். "கார் லைசன்ஸ் இருக்கா?"

"எங்க ஊர் லைசன்ஸ் இருக்கு. இங்க ஒரு வருஷத்துக்கு மேல செல்லாது."

"இந்த வேலைக்குக் கார் ஓட்டியே ஆகணும். விளம்பரத்திலேயே போட்டிருந்தோம்."

அவ்வளவுதான். வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. இசோக்கென் மறுநாள் விரிப்பு மடிக்கப் போனாள். அன்று மேற்பார்வைக்காரரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உடம்புக்கு முடியலியா?" என்று அவரே வந்து விசாரித்தார்.

அடுத்த வாரம் செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்தது, அவள் பெயரோடு. ஒமோயே அதைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "தலை நான் பின்னினது" என்று சொன்னாள். நான்காம் நாள் கிழக்குக் கட்டடத்து லிஃப்ட் ஓடியது. கும்பா கீழே வந்து, நேரே மருத்துவமனைக்குப் போகாமல் முதலில் மீன் கடைக்குப் போனாளாம். "நானே பாத்துத் தொட்டு வாங்கணும்னு எட்டு வாரமா ஏக்கம்" என்று போனில் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஜில் அழைத்தாள். மாஜிஸ்திரேட் கோர்ட்டுச் செய்திக்கு வாரம் இரண்டு நாள் ஆள் வேண்டும், பஸ்ஸிலேயே போய்விடலாம், பார்க்கிறாயா என்றாள். இசோக்கென் விரிப்பைக் கையில் பிடித்தபடியே சரி என்றாள். மீதி நாட்களுக்குச் சலவைக்கூடம் இருக்கட்டும், லைசன்ஸ் பரீட்சைக்கும் எழுதிப் போட்டுவிடலாம் என்று ஒசாஸேவும் சொன்னான்.

முதல் நாள் காலையில் கோர்ட்டின் பத்திரிகை பெஞ்சில் உட்கார்ந்தாள். குமாஸ்தா குற்றச்சாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். சீஸ் கட்டிகளைத் திருடினான் என்பது புரிந்தது, எத்தனை என்பது காதில் விழவில்லை. பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு நிருபர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் சாய்ந்து, "எத்தனைன்னு சொன்னாரு?" என்று கிசுகிசுத்தாள்.

"எனக்கும் கேக்கல" என்றார் அவர், எழுதுவதை நிறுத்தாமல். "இருபது வருஷமா கேக்கல. வெளிய வந்ததும் வக்கீலைப் பிடிச்சுக் கேட்டுக்குவேன்."

"அப்போ இப்ப என்ன எழுதறீங்க?"

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். வெங்காயம், பல்பு, நாய் பிஸ்கட் என்று மளிகைச் சாமான் பட்டியல் இருந்தது. இசோக்கென் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூண்டில் நின்ற பையனை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை சீஸை எடுத்துக்கொண்டு போய் இவன் யாரிடம் விற்றிருப்பான்?

பேனாவின் மூடியைத் திறந்தாள்.