செட் ஆகிவிடும்

மேல்வரிசைப் பற்களை எடுத்துவிட்டுப் பல் செட் கட்டிக்கொண்ட பிறகு, 'செட் ஆகும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

மண்டி மொஹல்லாவில் ஒரு பல் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். கன்னடப் பெண், எனக்காகத் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். செட் முதல் நாளே ஈறில் உட்காரவில்லை. பேசினால் நழுவியது, மென்றால் இடப்பக்கம் குத்தியது. போய்ச் சொன்னேன்.

"செட் ஆகும் அங்கிள். ஸ்வல்ப டைம் கொடுங்க."

மறுபடி போனேன். கொஞ்சம் ராவிக் கொடுத்து, "இப்போ செட் ஆகும்" என்றாள். ஆகவில்லை. ரசம் சாதமும் கஞ்சியுமாகவே நாட்கள் போயின.

இதற்கிடையே மகளைப் பெண் பார்க்க ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது.

"இந்த இடம் செட் ஆயிடும்னு தோணுது," என்றாள் மனைவி. "நீங்க அன்னிக்கு மட்டும் அந்தப் பல் செட்டை மாட்டிக்கிட்டு உக்காருங்க, போதும்."

உட்கார்ந்தேன். பையனின் அப்பா என் ரயில்வே வேலையைப் பற்றிக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் செட் கீழே இறங்கியது, கையால் பிடித்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டுப் பொக்கை வாயோடு பேசினேன். அவர் நாகரிகமாகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "அவங்களுக்கு செட் ஆகலயாம் சார்."

"ஏனாம்?"

"ஏன்னெல்லாம் இல்ல சார். செட் ஆகல, அஷ்டே. அவ்வளவுதான்."

மனைவி என் வாயைப் பார்த்தாள். மகளோ, "எனக்கும் அந்தப் பையன் செட் ஆகலப்பா, விடுங்க," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். உண்மையாகச் சொன்னாளா, என்னைத் தேற்றினாளா, இன்றுவரை தெரியாது. அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் எதையும் விளக்குவதில்லை.

அதே கோபத்தோடு கிளினிக்குக்குப் போனேன். "செட் ஆகும்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. என்ன தப்புன்னு சொல்லுங்க."

அவள் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அளவு சரியா எடுக்கல அங்கிள். புதுசா பண்ணணும்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கத்த வாயைத் திறந்தேன். அளவு எடுப்பதற்காகத்தான் திறக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கரண்டி நிறைய மாவை உள்ளே வைத்து அழுத்திவிட்டாள்.

"பேசாதீங்க அங்கிள். மாவு செட் ஆகணும்."

புது செட் பரவாயில்லை. முறுக்கு கடிக்க மட்டும் இன்னும் முடியவில்லை.